மூடாமல் விட்ட சிவப்பு வாய்

ஆலடிக்குறிச்சி பாலிடெக்னிக்கில் உலகம்மாள் மிஸ் இரண்டு பேராக ஆன அந்தத் திங்கட்கிழமை வேறு அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. மாசி வெயில் தகரக் கூரையில் வழக்கம்போல் காய்ந்தது, கம்ப்யூட்டர் லேப்பின் ஏசி வழக்கம்போல் ஓடாமல் கிடந்தது, கேன்டீனில் வழக்கம்போல் தக்காளி சாதம் சீக்கிரமே தீர்ந்துபோனது, மறுநாள் சி லாங்குவேஜ் ப்ராக்டிகல் பரீட்சை என்பதால் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் மட்டும் வழக்கத்துக்கு மாறாக மிஸ் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மிஸ் கையில் முழ நீளத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் ஓஸ் இருந்தது. அவள் புருஷன் குற்றாலிங்கம் போர்வெல் மோட்டார் இறக்கி ஏற்றும் தொழில்காரன். அவன் கடையில் வெட்டிப் போட்ட துண்டு அது. பாடம் நடத்தத் தோதாக ஒரு முனையில் சிவப்பு டேப்பும் மறு முனையில் நீல டேப்பும் அவனே சுற்றிக் கொடுத்திருந்தான். வருஷா வருஷம் பைப் பாடம் வரும்போது அவள் அந்த ஓஸைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவாள், வருஷா வருஷம் பிள்ளைகள் சிரிப்பார்கள், வருஷா வருஷம் பாதிப் பேர் அதே தப்பைச் செய்துவிட்டு வந்து நிற்பார்கள்.

"கடைசித் தடவையாச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க," என்றாள் உலகம்மாள். "ஓடிட்டு இருக்க ப்ரோகிராம், அதான் ப்ராசஸ், ஃபோர்க்ங்கிற வரியைத் தொட்டதும் ரெண்டாகும். அச்சு அசலா ரெண்டு. ரெண்டுக்கும் நடுவுல பேச்சு வேணும்லா? அதுக்குத்தான் பைப்பு. ரெண்டாகுறதுக்கு முன்னாடியே அது கையில இருக்கணும். சிவப்பு வாயில பேசுனா நீல வாயில கேக்கும். ரெண்டானதும் ரெண்டு பேரு கையிலயும் ரெண்டு வாயும் இருக்கும். பேசுறவ நீல வாயை மூடணும், கேக்குறவ சிவப்பு வாயை மூடணும். கேக்குறவ மூட மறந்தா என்னாகும்?"

"தொங்கிரும் மிஸ், ஓடாம நின்னுரும்!"

"ஏன் தொங்கும்? பேசுறவ முடிச்சு மூடிட்டுப் போனாலும் இவளுக்குத் தெரியாது. பேசுற வாய் ஒண்ணு இன்னும் திறந்து கிடக்கே, யாரோ பேசப் போறாங்கன்னு காத்துக்கிட்டே கெடப்பா. அந்த வாய் யாரு கையில இருக்கு? அவ கையிலயேதான் இருக்கு. ரெண்டு மார்க்கு போச்சு. சரி, நல்லபடியா வேலை முடிச்சவ கையில என்ன இருக்கும்?"

"சைபர் மிஸ்!"

"சைபர். வேற எந்த எண் இருந்தாலும் கோளாறு. முடிச்சவ தானா மறைஞ்சிர மாட்டா, அனுப்புனவ போய் ஏத்துக்கிடணும். ஏத்துக்கிடலைன்னா முடிச்ச எடத்துலயே நிப்பா, செத்தும் சாகாம."

அப்போதுதான் அவள் ஃபோன் அடித்தது. பாடத்துக்கு நடுவில் அவள் ஃபோன் எடுக்கிறவள் இல்லை, ஆனால் அது குற்றாலிங்கத்தின் கடைப் பையன் மாடசாமியின் எண், அவன் காரணமில்லாமல் கூப்பிடுகிறவன் இல்லை.

"மதினி, அண்ணாச்சி தலையில இரும்புப் பைப்பு விழுந்துட்டு. சங்கிலி நழுவிட்டு மதினி. பேச்சு மூச்சு இல்ல. மதுரைக்குக் கொண்டு போறோம். நீங்க உடனே வாங்க."

உடனே வா என்றால் எப்படி வருவது? மறுநாள் காலையில் இந்தப் பிள்ளைகளுக்கு ப்ராக்டிகல், வீட்டில் ஒரே மகள் மதிவதனிக்கு மறுநாள் ப்ளஸ் டூ கணக்குப் பரீட்சை, தகப்பனுக்கு இப்படி என்று தெரிந்து தனியாகக் கிடந்தால் பிள்ளை பேனாவைக்கூடப் பிடிக்காது. அங்கேயோ அந்த மனுஷன் பேச்சு மூச்சில்லாமல் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறான். போகணும் என்றும் இருக்கணும் என்றும் உலகம்மாள் ஒரே மூச்சில் நினைத்தாள். அந்த மூச்சு வெளியே வந்தபோது போர்டுக்கு முன்னால் இரண்டு உலகம்மாள் நின்றார்கள், இரண்டு பேர் சேலையிலும் அதே மார்க்கர் கறை, இரண்டு பேர் நெற்றியிலும் அதே வியர்வை, இரண்டு பேர் கையிலும் சிவப்பு வாயும் நீல வாயுமாக அதே ஓஸ்.

முதல் பெஞ்சில் இருந்த ஜெபராணி கையைத் தூக்கி, "நாளைக்கு எக்ஸாமுக்கு எந்த மிஸ் வருவீங்க மிஸ்?" என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான் என்று எல்லோருக்கும் பட்டது.

பிரின்சிபால் தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இருவரையும் பார்த்தார். ஆலடிக்குறிச்சியில் ஒரு மனுஷனைப் பதறவைக்க இதைவிடப் பெரிதாக ஏதாவது நடக்கவேண்டும். "ஒரு ஆள் லீவு எழுதிக் குடுங்க, ஒரு ஆள் கையெழுத்துப் போடுங்க," என்றார். "கணக்கு சரியாயிரும்."

பஸ் ஸ்டாப்புக்கு இருவருமே நடந்து போனார்கள். யார் போகிறவள், யார் இருக்கிறவள் என்று பேசி முடிவுகட்டத் தேவை இருக்கவில்லை. போகிறவளுக்குக் கால் பரபரத்தது, இருக்கிறவளுக்குக் கனத்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மதுரைக்கு ஒண்ணா, ரெண்டா டீச்சர்?"

"ஒண்ணு," என்றார்கள் இருவரும்.

போகிறவள் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கைப்பையில் இருந்து கடையில் எடுத்த பிளாஸ்டிக் மூடிகளில் ஒன்றை எடுத்துத் தன் நீல வாயில் வைத்து அழுத்தி மூடினாள். பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிச் சொல்லி ஊறிய கை அது, பதற்றத்திலும் பிசகவில்லை. பிறகு தலையை வெளியே நீட்டி, "எல்லாம் முடிஞ்சதும் என் சிவப்பு வாயையும் மூடிருவேன், அதை வச்சுத் தெரிஞ்சுக்கோ," என்றாள்.

முடிஞ்சதும் என்றால் எப்படி முடிஞ்சதும் என்று இருக்கிறவள் கேட்க நினைத்தாள். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

இருக்கிற உலகம்மாளின் பையிலும் மூடி இருந்தது. அதை எடுத்துத் தன் சிவப்பு வாய்க்குப் பக்கம் கொண்டுபோனாள், கை நின்றுவிட்டது. அன்று காலையில் குற்றாலிங்கம் பைக்கில் உட்கார்ந்து கேட்டுக்கு வெளியே இருந்து, "உலகு, மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியா?" என்று கேட்டிருந்தான். அவள் எப்போதோ ஆஃப் பண்ணிவிட்டிருந்தாள். ஆனால் அவன் அன்றைக்கும் பிரஷர் மாத்திரையைப் போடாமல் ஏமாற்றிவிட்டான் என்ற கோபத்தில், காதில் விழுந்தும் விழாத மாதிரி சட்டினிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டான். பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? அந்த வார்த்தை இப்போது பாக்கி நின்றது. அவன் கண் விழித்தால் இந்தச் சிவப்பு வாயில்தான் முதலில் பதில் சொல்லவேண்டும் என்று நினைத்து, மூடியைப் பைக்குள் திரும்பப் போட்டுவிட்டாள். அந்த வாய் மதுரைக்குப் போகாது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் போட்டாள்.

அன்று சாயங்காலமே ஓஸ் பேச ஆரம்பித்தது. போனவளின் குரல் நீல வாயில் பக்கத்து வீட்டில் இருந்து பேசுகிற மாதிரி வந்தது: சேர்த்தாச்சு, தலையில ரத்தம் கட்டியிருக்காம், ஐசியூவுல வச்சிருக்காக, ஆவுடை மதினி வந்துட்டாக. ஆவுடை குற்றாலிங்கத்தின் அக்கா, மதுரையிலேயே குடியிருக்கிறவள். ஃபோனில் பேசினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம், ஊரும் கேட்டது. ஆளோடு சேர்ந்து ஃபோனும் இரண்டானதில் ஒரே எண் இரண்டு ஊரில் ஒரே நேரம் அடித்து, கம்பெனிக்காரன் சந்தேகப்பட்டு சிம்மையே முடக்கிவிட்டான், ஆவுடையின் எண்ணும் அதோடு போயிற்று. தவிர ஐசியூ வாசலில் ஃபோனை வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுகிறார்கள், முழ நீள ஓஸை எந்த வாட்ச்மேனும் கண்டுகொள்வதில்லை.

மறுநாள் உலகம்மாள் மகளைக் கணக்குப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டு, ஓஸை அடுப்பங்கரை மேடையில் வைத்துவிட்டு, ப்ராக்டிகல் பரீட்சைக்குப் போனாள். சாயங்காலம் வந்து காதில் வைத்தால் காலையில் இருந்து சேர்ந்த பேச்செல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கொட்டியது, கடைசியில் போனவள் அழாத குறையாகச் சொன்னாள்: "நீ கேக்காம போட்டுட்டியா? ஓஸு ரொம்பி வழிஞ்சு என் பேச்சு உள்ள போகவே இல்ல. வாயைத் திறந்தமேனிக்கு நின்னுட்டேன், கை கால் அசையல. நர்ஸு வலிப்புன்னு நெனச்சு ஓடியாந்தா."

அதன் பிறகு உலகம்மாள் ஓஸை விட்டு நகரவில்லை. முன்னறையில் நாற்காலியைப் போட்டு, நீல வாயைக் காதிலும் சிவப்பு வாயை மடியிலுமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாடு அங்கேயே, தூக்கம் அங்கேயே. குளிக்கப் போகிற கொஞ்ச நேரம் மட்டும் பக்கத்து வீட்டுப் பிரமு அக்கா கேட்டுக்கொண்டாள். அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஒருத்தர் கேட்ட பேச்சு கேட்டதோடு சரி, அடுத்தவருக்கு ஓஸ் அதைத் திரும்பச் சொல்லாது. ஒருநாள் டாக்டர் என்னவோ சொன்னார் என்று வந்த சேதியைப் பிரமு அக்கா கேட்டுவிட்டாள். டாக்டர் 'பாக்கலாம்' என்றாரா 'பாப்போம்' என்றாரா என்று உலகம்மாள் எத்தனை தடவை கேட்டும் அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்?"

"ஒண்ணா? பாக்கலாம்னா பொழைச்சுக்கிடுவாக. பாப்போம்னா கையை விரிக்காகன்னு அர்த்தம். எப்படிச் சொன்னா அவ? இழுத்துச் சொன்னாளா, வெட்டிச் சொன்னாளா?"

பிரமு அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றில் இருந்து உலகம்மாள் குளிப்பதையும் சுருக்கிக்கொண்டாள்.

தெரு இதையெல்லாம் தெருவுக்கே உரிய விதத்தில் ஏற்றுக்கொண்டது. காலையில் பால் வாங்க வருகிறவர்கள், ஓஸு என்ன சொல்லுது என்று கேட்டுவிட்டுப் பால் வாங்கினார்கள். டீக்கடை கொம்பையா கடையை மூடிவிட்டு ஒரு எட்டு வந்து கேட்டுவிட்டுப் போனார். மதுரை டீச்சர், இங்கத்த டீச்சர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. மதுரை டீச்சர்தான் கொஞ்சம் தைரியசாலி, இங்கத்த டீச்சர் பயந்த சுபாவம் என்று வித்தியாசம்கூடக் கண்டுபிடித்தாகிவிட்டது. விசாரிக்க வந்தவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் மேஜையில் இடம் போதாமல் மதிவதனியின் புத்தகங்களுக்கு மேல் ஏறின. அந்தப் பிள்ளை கெமிஸ்ட்ரியை அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தது.

ஒருநாள் மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, உலகம்மாள் மனசு தாங்காமல் சிவப்பு வாயை உதட்டருகே கொண்டுபோய், "என்னங்க, கேக்குதா?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் நீல வாயில் குரல் வந்தது: "என்னங்க, கேக்குதா?"

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போனவள் அவன் காதுப்பக்கம் குனிந்து கூப்பிடுகிறாள்! அப்படியென்றால் கூப்பிட்டால் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டானா, இல்லை, கேட்காமல் கிடப்பதால் கூப்பிடுகிறாளா? இரண்டு பேருக்கும் ஒரே குரல், ஒரே இழுப்பு, ஒரே நடுக்கம். அது மதுரையில் இருந்து வந்ததா தன் மடியில் இருந்து வந்ததா என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பயந்தவளுக்கு அதெல்லாம் தோன்றாது.

அன்றில் இருந்து சேதி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டே வந்தது. காய்ச்சல் வந்திருக்குமோ என்று உலகம்மாள் தனக்குள் முனகுவாள். காய்ச்சல் வந்திருக்குமோ என்று ஓஸ் சொல்லும். காய்ச்சல் வந்திருக்காம் என்று பிரமு அக்கா தெருவுக்குச் சொல்வாள். மறுபடி ஆபரேஷன்னு சொல்லிருவாகளோ என்று அவள் பயப்படுவாள்; ஓஸும் பயப்படும்; தெரு பிள்ளையார் கோவிலுக்கு நூற்றியெட்டுத் தேங்காய் நேர்ந்துகொள்ளும். மாடசாமி ஒரு எட்டு மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். போய் என்ன செய்ய, உள்ள விட மாட்டாக என்று அவள் சொன்னாள். வாசலைத் தாண்டுவதற்குள் போய் என்ன செய்ய, உள்ள விட மாட்டாக என்று ஓஸும் சொல்ல, மதுரை டீச்சரே வேண்டாம்னு சொல்லியாச்சு என்று அவனைத் தடுத்துவிட்டார்கள்.

தேவசகாயம் சார் தன் ஃபோனில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் பேசி, ஸ்பீக்கரில் போட்டு, அவளிடம் நீட்டினார்.

"ஐசியூவுல குற்றாலிங்கம்னு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. "அந்தப் பேர்ல ஐசியூல இப்ப யாரும் இல்லைங்களே. நீங்க யாரு?"

"அவுக சம்சாரம்."

"சம்சாரம் இத்தன நாளும் கூடவே இருந்தாங்களே, அவங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சேங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள்.

ஐசியூவில் இல்லை என்றால் எங்கே? அந்தக் கேள்வியைத் தெருவில் யாரும் வாய் விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அன்றில் இருந்து வருகிறவர்களின் நடை மாறியது. சாவு கேட்கத் துட்டிக்குப் போகிறதா, நலம் விசாரிக்கப் போகிறதா என்று தெரியாமல் ஜனம் திண்டாடியது. துட்டி என்றால் வெறுங்கையோடு வந்து கட்டிப்பிடித்து அழவேண்டும், நலம் விசாரிப்பது என்றால் பழத்தோடு வந்து சிரித்துப் பேசவேண்டும். இரண்டையும் கலந்தால் அபசகுனம். சிலர் சாத்துக்குடியை வாசலில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்த்து நிலவரத்தைத் தெரிந்துகொண்டு, திரும்பப் போய்ப் பழத்தை எடுத்துவந்தார்கள். ஓஸ்தான் இன்னும் முடிஞ்சதுன்னு சொல்லலையே, மூடலையே, அப்போ இருக்காக என்று பிரமு அக்கா எல்லோருக்கும் சொன்னாள். அதைத்தான் உலகம்மாளும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஓஸ் மூடாதவரை அவன் இருக்கிறான். அதனால் அது மூடிவிடுமோ என்று பயந்து, பயத்தை முனகி, முனகினதைத் திரும்பக் கேட்டு, கேட்டதற்கு மறுபடி பயந்து, அவள் முகம் அந்தச் சில நாளில் பாதியாகிவிட்டது.

"எம்மா, ஒரு வாய் சாப்பிடேன்," என்று மதிவதனி தட்டை நீட்டினாள்.

"நீ சாப்ட்டியா?"

"நான் சாப்ட்டேன். அப்பா வந்ததும் நீ இப்படி இருந்தா என்னைத்தான் ஏசும்."

அப்பா வந்ததும் என்று பிள்ளை சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். தட்டைக் கையில் வாங்கினாள், சாப்பிடவில்லை.

மறுவாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபராணி வந்தாள். ப்ராக்டிகல் பரீட்சையில் அவள் ப்ரோகிராம் ஓடாமல் நின்றுபோனது, மறுபரீட்சை வருகிறது, மிஸ் வீட்டைவிட்டு நகரமாட்டார்கள் என்பதால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போகச் சொல்லித் தேவசகாயம் சார் அனுப்பியிருந்தார். முன்னறையில் பிரமு அக்கா இருந்தாள், கொம்பையா இருந்தார், மாடசாமி சுவரில் சாய்ந்து நின்றான். ஜெபராணி தரையில் உட்கார்ந்து ப்ரோகிராமை ஓடவிட்டாள். திரையில் கர்சர் ஒரே இடத்தில் நின்று சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"அப்படியே நிக்கி மிஸ். எழுதுறது முடிச்சுட்டு, ஆனா படிக்கிறது முடிய மாட்டேங்கி. எவ்வளவு நேரம்னாலும் இப்படியேதான் நிக்கும்."

உலகம்மாள் திரையைப் பார்க்கக்கூட இல்லை. இத்தனை வருஷம் சொன்ன வாய் தானாகச் சொன்னது: "கேக்குறவ அவ சிவப்பு வாயை மூடல. அவ கையில இருக்கத அவளே மூடணும். ரெண்டு மார்க்கு போச்சு."

நீல வாய் அவள் காதில் சொன்னது: "கேக்குறவ அவ சிவப்பு வாயை மூடல. அவ கையில இருக்கத அவளே மூடணும். ரெண்டு மார்க்கு போச்சு."

குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. முன்னறையில் எல்லோருக்கும் கேட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் எவளும் எவளுக்கும் ரெண்டு மார்க் குறைக்க மாட்டாள் என்பது டீக்கடை கொம்பையாவுக்குக்கூடப் புரிந்தது.

உலகம்மாள் மடியில் கிடந்த சிவப்பு வாயைப் பார்த்தாள். திறந்து கிடந்தது. காய்ச்சல், மறுபடி ஆபரேஷன், போய் என்ன செய்ய, என்னங்க கேக்குதா, எல்லாம் இங்கிருந்தேதான் போய் இங்கேயே வந்திருக்கிறது. அவள் பயத்தை அவளே பேசி, அவளே கேட்டு, தெருவையும் கேட்கவைத்திருக்கிறாள். போனவளின் பேச்சு எது வரைக்கும் வந்தது, எங்கே நின்றது என்பது இனி யாருக்கும் தெரியாது.

"மூடிருங்க டீச்சர்," என்றாள் பிரமு அக்கா, மெதுவாக.

"மூடுனா தெரிஞ்சுபோகுமேக்கா."

"என்ன தெரியும்?"

"அவ இன்னும் அங்க பேசுறதுக்கு வாயைத் திறந்து வச்சிருந்தா, ஓஸு சும்மா இருக்கும். அவ ஏற்கெனவே மூடியிருந்தா, நான் மூடுனதும் முடிஞ்சதுன்னு சொல்லிரும். எல்லாம் முடிஞ்சதும் மூடுதேன்னு சொல்லிட்டுப் போனா. எப்படி முடிஞ்சதும்னு நான் கேக்கலியே! கேக்காம அனுப்பிட்டேனே, அக்கா!"

மாடசாமி வெளியே போய்விட்டான், அவனால் பார்க்க முடியவில்லை. மதிவதனி அம்மாவின் கைப்பையைத் துழாவி, மூடியை எடுத்து, அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "நீ மூடும்மா. நான் பக்கத்துல இருக்கேன்," என்றாள்.

உலகம்மாள் சிவப்பு வாயில் கடைசியாக எதையோ சொல்லப்போனாள், வேண்டாம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், மூடியை வைத்து அழுத்தினாள்.

தொட்டியில் தண்ணீர் தீரும்போது குழாய் விடுமே ஒரு மூச்சு, அந்தச் சத்தம் நீல வாயில் நீளமாக வந்து அடங்கியது. அதற்குப் பிறகு அது கடையில் வெட்டிப் போட்ட வெறும் ஓஸ் துண்டு.

பிரமு அக்கா மாரில் அடித்துக்கொண்டாள். வாசலில் வைத்த சாத்துக்குடியை யாரோ தட்டிவிட அது தெருவில் உருண்டது, ஒருத்தி அழ ஆரம்பித்ததும் தெரு முழுக்கத் துட்டி வீட்டு அழுகை பரவியது. உலகம்மாள் அழவில்லை. காத்திருந்தது முடிந்ததும் அவள் காலைப் பிடித்திருந்த கட்டு அவிழ்ந்துவிட்டது. மரத்துப்போன காலை ஊன்றி எழுந்தாள்.

"அவளை ஏத்துக்கிடணும்," என்றாள். "முடிச்சவ எங்கயோ நிப்பா. நான் போய்க் கூப்பிடணும். எங்க நிக்காளோ!"

கொம்பையா தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு துண்டை எடுத்துவிட்டு, "டீச்சர், பஸ் ஸ்டாப்புல எங்கடைக்கு எதுத்தாப்புல நீங்க தினமும் நிக்கியளே. வெயிலுலயும் நிக்கிய, பொழுது சாஞ்சாலும் நிக்கிய. ஒரு டீ குடுத்தேன், வாங்கல. ஆஸ்பத்திரிச் சேதி வராம மனசு கேக்காம நிக்கியன்னுல்லா நெனச்சேன். அது நீங்கதான?" என்றார்.

"நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கலையே அண்ணாச்சி."

"நானும் பார்த்தேன்," என்றாள் ஒருத்தி. "நானும்," என்றாள் இன்னொருத்தி. பால்காரர் பார்த்திருக்கிறார், தேவசகாயம் சார் ஸ்கூட்டரில் போகும்போது பார்த்துத் தலையசைத்திருக்கிறார், மதிவதனியே பஸ் ஜன்னலில் இருந்து பார்த்து, அம்மா நமக்காகத்தான் நிற்கிறாள் என்று நினைத்து, இறங்கி வீட்டுக்கு வந்தால் அம்மா நாற்காலியில் இருப்பதைப் பார்த்து, நமக்கு முந்தி நடந்து வந்துவிட்டாள் போல என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஊரே பார்த்தது. ஒரே முகம் என்பதால் ஒருத்தரும் கேட்கவில்லை.

தெரு முழுக்க அவள் பின்னால் நடந்தது. பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குப் பக்கத்தில் போன வாரத் திங்கட்கிழமைச் சேலையோடு உலகம்மாள் நின்றுகொண்டிருந்தாள், மார்க்கர் கறை அப்படியே இருந்தது, தலையில் புழுதி படிந்திருந்தது, ஓஸின் இரண்டு வாயும் ஒழுங்காக மூடி அக்குளில் இடுக்கியிருந்தாள். கண் தெருவையே பார்த்தது, யாரையும் பார்க்கவில்லை. வலது கையை இறுக்கி மூடி வைத்திருந்தாள்.

வீட்டில் இருந்து வந்தவளுக்கு அந்தக் கையைத் தொடப் பயமாக இருந்தது. அதற்குள் என்ன இருந்தாலும் அது மாறப்போவதில்லை, எப்போதோ முடிந்த காரியம், அதை இத்தனை நாள் தெரியாமலேயே வைத்திருந்தாயிற்று, இன்னும் ஒரு நிமிஷம் தெரியாமல் இருந்தால் என்ன என்றுகூட நினைத்தாள். பிறகு நின்றவளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உலகு," என்றாள். "முடிச்சிட்டியா? கையைத் திற."

கை திறந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"வெறுங்கையோட வந்திருக்காளே!" என்று பிரமு அக்கா அலறினாள். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். கொம்பையா கடை அடுப்பை அணைக்கப் போனார்.

"சைபர்!" என்று கத்தினாள் உலகம்மாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து அவளுக்கு மூச்சு முட்டியது. "அழாதீக அக்கா! சைபர்! கையில ஒண்ணும் இல்லக்கா, நல்லபடியா முடிஞ்சிட்டு! ஜெபா, நீயே சொல்லு!"

"நல்லா முடிஞ்சா சைபர்தான் அக்கா," என்று ஜெபராணி அழுதுகொண்டே சொன்னாள். "வேற எண் இருந்தாத்தான் கோளாறு!"

உலகம்மாள் அந்த வெறும் கையைத் தன் கைக்குள் எடுத்து, "வா," என்றாள். அடுத்த நிமிஷம் பஸ் ஸ்டாப்பில் ஒரு உலகம்மாள்தான் நின்றாள், ஒரு ஓஸ்தான் இருந்தது. மதுரையில் பார்த்ததெல்லாம் அவள் கண்ணுக்குள் வந்து நிறைந்தது: ஐசியூவின் குளிர், ஆவுடை மதினி கொண்டுவந்த இட்லி, ஒருநாள் காலையில் அவன் கண் திறந்தது, வார்டுக்கு மாற்றியது, அவன் நாக்கு குழற முதல் தடவையாகப் பேசியது. இவளை உற்றுப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "மோட்டாரை ஆஃப் பண்ணிட்டியா?"

போனவள் பண்ணிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்பது இன்றைக்கு ஓடுகிற மோட்டாரை என்று அவள் நினைத்துக்கொண்டாள், வீட்டைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது, ஓஸோ ஒருவழி, கேட்டு வாங்க முடியாது, தெரியாத ஒன்றைச் சீக்காளியிடம் துணிந்து சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. "வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லுதேன்," என்று சொல்லி, ஆவுடையை உட்காரவைத்து, எல்லாம் முடிந்தது என்று ஓஸை மூடிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். ஊர் ஸ்டாப்பில் இறங்கியதோடு அவள் வேலை முடிந்துவிட்டது, ஏற்றுக்கொள்ள ஆள் வராமல் அங்கேயே நின்றுவிட்டாள். நேரில்தான் போகிறாளே, ஃபோன் எதற்கு என்று ஆவுடையும் விட்டுவிட்டாள். அன்றில் இருந்து அந்த மனுஷன் அங்கே பதிலுக்குக் காத்துக்கொண்டு கிடக்கிறான்.

மதுரை பஸ் வந்து நின்றது. உலகம்மாள் மகளின் தலையைத் தடவி, "நீ பரீட்சையை எழுது மக்ளே, பிரமு அக்கா பாத்துக்கிடுவாக," என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறினாள்.

"எம்மா, ஓஸு! ஓஸை விட்டுட்டுப் போறியே!" என்று மதிவதனி பின்னால் ஓடிவந்தாள்.

"அது வேண்டாம்!"

கண்டக்டர் படியில் தொங்கியபடி ரோட்டில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "மதுரைக்கு ஒண்ணா, ரெண்டா டீச்சர்?"

"ஒண்ணு," என்றாள் உலகம்மாள். பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மதுரை வரும்வரை, பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பதைச் சட்டை செய்யாமல், "பண்ணிட்டேங்க, அன்னைக்கே பண்ணிட்டேங்க," என்று சொல்லிக்கொண்டே போனாள்.